சுமை தாங்கும் சுவர்

தமிழ்நாட்டின் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களை இன்றும் சிற்சில இடங்களில் காணலாம். நிமிர்ந்து நிற்கும் இரண்டு கற்கள். அவற்றின்மேல் குறுக்கே கிடக்கும் ஒரு பலகைக்கல். தலைச்சுமையோடு நெடுந்தொலைவு நடந்து வந்த வழிப்போக்கர், பிறர் உதவியின்றித் தம் சுமையை அக்கல்லின்மேல் இறக்கி வைத்து இளைப்பாறுவர். கட்டடக் கலையின் முதற்பாடம் அந்த மூன்று கற்களில் அடங்கியிருக்கிறது. சுமை முதலில் குறுக்குக் கல்லின்மேல் அமர்கிறது. குறுக்குக் கல் அதனை நிமிர்ந்த கற்களிடம் ஒப்படைக்கிறது. அவை அதனை நிலத்திற் கொண்டு சேர்க்கின்றன. நிமிர்ந்த கற்களுள் ஒன்றை அகற்றினால் யாது நேரும் என்பதைச் சிறு குழந்தையும் சொல்லிவிடும்.

வீடும் இத்தகைய அமைப்பே ஆகும். ஆயினும், வீட்டில் எது சுமையைத் தாங்குகிறது என்பது இவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதில்லை. செங்கல்லைச் சாந்துப்பூச்சு மறைக்கிறது; பூச்சின்மேல் வெள்ளையும் வண்ணமும் ஏறுகின்றன. எல்லாச் சுவர்களும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. குடும்பம் பெருகுகிறது; இரண்டு சிறிய அறைகளை ஒரே கூடமாக்கிக் கொள்ளலாம் என்னும் எண்ணம் எழுகிறது. இடையில் நிற்கும் சுவரை இடித்துத் தள்ளுவது கடப்பாரையும் சம்மட்டியும் கொண்டு ஓரிரு நாளில் முடிக்கக்கூடிய வேலையே. ஆனால், கடப்பாரையைக் கையில் எடுப்பதற்குமுன் விடை காணவேண்டிய வினா ஒன்று உண்டு. அந்தச் சுவர் அறையைப் பிரிப்பதற்கு மட்டும் நிற்கின்றதா? மேலே உள்ளதைத் தாங்குவதற்காகவும் நிற்கின்றதா?

தொழிலை நோக்கச் சுவர்கள் இருவகைப்படும். தன்மேல் அமர்ந்த தளத்தையும், அத்தளத்தின்மேல் உள்ள சுவரையும், மக்களையும், பண்டங்களையும் தாங்கி அச்சுமையை நிலத்திற்குச் செலுத்துவது சுமை தாங்கும் சுவர். தன் எடையை மட்டும் தாங்கிக்கொண்டு, இடத்தைப் பகுத்துக் காட்டுவது தடுப்புச் சுவர். முன்னது வீட்டின் கால் போன்றது. பின்னது வீட்டிற்குள் தொங்கவிட்ட திரை போன்றது. திரையை அகற்றினால் காற்றும் வெளிச்சமும் பெருகும். காலை அகற்றினால் வீடு என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஒரு சுவர் தாங்கும் சுமை எவ்வளவு என்பதை ஒரு கணக்கால் அறியலாம். ஒரு சுவரின் நீளம் 4 மீட்டர் எனக் கொள்க. அதன் இருபுறமும் 3 மீட்டர் அகலமுள்ள அறைகள் உள்ளன. மேலே 12 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தளம் கிடக்கிறது. ஒவ்வோர் அறையின் தளத்திலும் பாதியேனும் இந்த நடுச்சுவரின்மேல் அமரும் என்று வைத்துக்கொண்டால், சுவர் தாங்கும் தளத்தின் பரப்பு 12 சதுர மீட்டர் ஆகிறது. கம்பி கட்டிய கான்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2,500 கிலோகிராம் எடையுள்ளது. ஆகவே, தளத்தின் எடை மட்டும் 3,600 கிலோகிராம். ஏறக்குறைய ஒரு வளர்ந்த ஆண்யானையின் எடை. மாடியில் அதே இடத்தில் 3 மீட்டர் உயரமுள்ள ஒன்பது அங்குலச் சுவர் ஒன்று இருந்தால், அதன் எடை மேலும் 5,000 கிலோகிராமுக்குக் குறையாது. இவ்வளவையும் இரவும் பகலும் சுமந்துகொண்டு, ஓசை சிறிதும் இன்றி அச்சுவர் நிற்கிறது. ஓசை இல்லாமையாலேயே அதன் உழைப்பு எவர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை.

ஒரு குறிப்பிட்ட சுவரின் தொழிலை ஆராய்வதற்குமுன், அது நிற்கும் கட்டடம் எவ்வகையைச் சேர்ந்தது என்பதைத் துணிதல் வேண்டும். நெடுங்காலமாக மனிதன் கட்டிய வீடுகளிற் பெரும்பாலானவை சுவர்களாலேயே நின்றன. மாடிகள் உயர உயரக் கீழ்ச்சுவரின் கனமும் பெருகவேண்டியதாயிற்று. அமெரிக்காவில் சிகாகோ நகரில் 1891ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்ற மொனாட்னாக் கட்டடத்தின் பகுதி 16 அடுக்குகள் கொண்டது. அதன் செங்கற்சுவர் அடியில் ஏறக்குறைய 6 அடி கனம் உடையது. அதே நகரில் 1885ஆம் ஆண்டில் எழுந்த ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடத்திலோ, உள்ளே அமைந்த இரும்புச் சட்டம் சுமையின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. இம்முறை வளர்ந்து பரவியது. தூண்களும் உத்திரங்களும் சேர்ந்த சட்டகமே சுமை முழுவதையும் தாங்கும். சுவர் அச்சட்டகத்தின் இடைவெளிகளை நிரப்பும். இன்று நகரங்களில் எழும் அடுக்கு வீடுகளிற் பல, கான்கிரீட் தூண்களும் உத்திரங்களும் கொண்ட இவ்வகைக் கட்டடங்களே.

அறையின் மூலைகளில் சுவரைவிடச் சற்றுத் துருத்திக்கொண்டு தூண்கள் தோன்றுதலும், கூரைத்தளத்தின் அடியில் உத்திரங்கள் தொங்குவதுபோலக் காணப்படுதலும் சட்டகக் கட்டடத்தின் அடையாளங்கள். இத்தகைய கட்டடத்தில் இரண்டு தூண்களுக்கு இடையே உத்திரத்தின் கீழ் நிற்கும் சுவர் பெரும்பாலும் தடுப்புச் சுவராகவே இருக்கும். ஆயினும், இவ்வடையாளங்களை மட்டும் நம்பி முடிவு செய்தல் தகாது. சில வீடுகளில் முன்பகுதி தூண்களாலும் பின்பகுதி சுவர்களாலும் நிற்பதுண்டு. கீழே சுவர்களால் எழுந்த பழைய வீட்டின்மேல் பிற்காலத்தில் தூண்கள் வைத்து மாடி எழுப்பியிருப்பதும் உண்டு. சில அடுக்கு வீடுகளில் சுவர் போலத் தோன்றுவதே கம்பி கட்டி வார்த்த கான்கிரீட்டாக இருக்கும். அது தூணைப் போலச் சுமை தாங்குவது. கட்டடத்தின் வரைபடம் கிடைக்குமாயின் அதனை முதலிற் பார்த்தல் வேண்டும். வரைந்தபடியே கட்டப்பட்டதா என்பதையும் நேரிற் சரிபார்த்தல் வேண்டும்.

இனி, சுவரை ஆராயும் முறையைக் காண்போருக்கு ஒரு விதி உண்டு. சுவரையே உற்று நோக்கிக்கொண்டிருந்தால் அதன் தொழில் தெரியாது. அதற்கு மேலே என்ன இருக்கிறது, கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் மேலே நோக்குக. தமிழ்நாட்டின் பழைய மச்சு வீடுகள் பலவற்றில் ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று பெயர் பெற்ற தளத்தைக் காணலாம். ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு நெருக்கமாகத் தேக்கங்கட்டைகளை வரிசையாக இடுவர். கட்டைகளின்மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, மூலைவாட்டாக வரிசை வரிசையாகச் செங்குத்தாய் அடுக்குவர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, நன்கு இறுகும்வரை அடித்துக் கெட்டிப்படுத்துவர். எல்லாவற்றிற்கும் மேலே தட்டோடு பதிப்பர். இத்தளத்தின் சுமை முழுவதும் கட்டைகளின் முனைகள் வழியாகவே இறங்குகிறது. ஆதலின், கட்டைகளின் முனைகள் எந்தச் சுவரில் ஊன்றியிருக்கின்றனவோ, அந்தச் சுவர் சுமை தாங்குவது என்பது தெளிவு. ஓர் அறையின் கட்டைகளும் அடுத்த அறையின் கட்டைகளும் ஒரே நடுச்சுவரில் வந்து முடியுமாயின், அச்சுவர் இரு பக்கத்துச் சுமையையும் ஏற்கிறது. கட்டைகளுக்கு இணையாக ஓடும் சுவருக்கு அத்தளத்தின் சுமை மிகுதியாக வருவதில்லை. எனினும், மாடிச் சுவரோ விட்டமோ அதன்மேல் அமர்ந்திருக்கலாம். அதனையும் பார்த்தல் வேண்டும்.

ஓட்டு வீடுகளில் கூரையின் உச்சியில் விட்டம் ஒன்று நீளவாட்டில் கிடக்கும். அதிலிருந்து கைமரங்கள் இருபுறமும் சரிந்து இறங்கும். உட்சுவர் ஒன்று மேலெழுந்து சென்று அவ்விட்டத்தைத் தொடுமாயின், கூரையின் பெரும்பகுதி அச்சுவரை நம்பியிருக்கிறது என்பது பொருள். கீழே தொங்கவிட்ட தட்டியோ மரப்பலகையோ இதனை மறைத்திருத்தல் கூடும். தட்டிக்கு மேலே பார்த்தாலன்றி உண்மை விளங்காது.

கான்கிரீட் தளத்தில் இந்த ஆராய்ச்சி கடினமாகிறது. கட்டைகள் கண்ணுக்குத் தெரியும். கான்கிரீட்டுக்குள் கிடக்கும் கம்பிகள் தெரிவதில்லை. அறையின் நீளம் அகலத்தைப் போல இரு மடங்குக்கும் மேற்பட்டிருந்தால், நான்கு புறமும் சுவர் இருப்பினும், தளத்தின் சுமை பெரும்பாலும் நீளச் சுவர்கள் இரண்டின்மேலேயே இறங்கும். அறை சதுரத்தை ஒட்டியிருந்தால் நான்கு சுவர்களும் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். மேலும், ஒரே தளம் பல அறைகளின்மேல் தொடர்ந்து செல்லும்போது, நடுச்சுவருக்கு மேலே தளத்தின் மேற்பகுதியில் கம்பிகளைப் போதுமான அளவு வைப்பர். அறையின் நடுவிலோ அடிப்பகுதியில் வைப்பர். நடுச்சுவரை எடுத்துவிட்டால், முன்பு சுவரின்மேல் இருந்த இடமே பெரிய அறையின் நடுவிடம் ஆகிவிடுகிறது. அங்கே அடிப்பகுதியில் கம்பி மிகுதியாகத் தேவை, இருப்பதோ மேற்பகுதியில்.

இதன் விளைவைச் சாதாரணப் பலகை ஒன்றால் உணரலாம். நீண்ட பலகையின் இரு முனைகளுக்கும் நடுவுக்கும் அடியில் மூன்று செங்கற்களை வைத்து, அதன்மேல் புத்தகங்களை வரிசையாக அடுக்குக. பலகை அசையாது நிற்கும். நடுச் செங்கல்லை உருவினால் பலகை வளைந்து தொய்யும். தாங்குமிடங்களுக்கு இடையேயுள்ள தொலைவு இரு மடங்கானால் வளைக்கும் விசையும் இரு மடங்காகும் என்று பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. இரு முனைகளில் மட்டும் தாங்கப்பெற்று, நீளம் முழுவதும் ஒரே சீரான சுமையை ஏற்றிருக்கும் பலகையில், தொலைவு இரு மடங்கானால் வளைக்கும் திறன் நான்கு மடங்காகும். தொய்வு பதினாறு மடங்காகும். 3 மீட்டர் அகலத்திற்கு என்று வார்த்த தளத்தை 6 மீட்டர் தாங்கச் சொல்வது எத்துணைக் கொடுமை என்பது இதனால் விளங்கும்.

மாடியையும் மறவாது பார்த்தல் வேண்டும். கீழ்ச்சுவருக்கு நேர்மேலே மாடியில் மற்றொரு சுவர் நின்றால், கீழ்ச்சுவர் அதனைத் தாங்குகிறது என்றே முதலிற் கொள்ளுதல் வேண்டும். மாடிப்படியின் ஒரு முனை அச்சுவரில் ஊன்றியிருக்கலாம். மொட்டைமாடியில் நீர்த்தொட்டி அதன் நேரே அமைந்திருக்கலாம். 1,000 லிட்டர் நீரின் எடை மட்டும் 1,000 கிலோகிராம் என்பது நினைவில் இருக்கத்தக்கது.

அடுத்துக் கீழே நோக்குக. சுமை தாங்கும் சுவருக்கென வானம் தோண்டி, கடைக்கால் இட்டு, அதன்மேலேயே சுவர் எழுப்புவர். தடுப்புச் சுவரையோ பல வீடுகளில் தரையின்மேலேயே கட்டிவிடுவர். எனவே, சுவருக்கு அடியில் தனிக் கடைக்கால் உண்டா என்று அறிவது சிறந்த சான்றாகும். மாடியில் உள்ள சுவராயின், அதற்கு நேர்கீழே சுவரோ உத்திரமோ இருக்கின்றதா என்று காணவேண்டும்.

இறுதியாகத்தான் சுவரை நோக்குதல் வேண்டும். செங்கற்சுவர்களில் ஒன்பது அங்குலச் சுவர், நாலரை அங்குலச் சுவர் என்னும் இருவகை பெருவழக்கு. ஒன்பது அங்குலச் சுவர் சுமை தாங்கும், நாலரை அங்குலச் சுவர் தாங்காது என்று கொத்தனார் சிலர் கூறுவர். இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. சட்டகக் கட்டடங்களில் வெளிச்சுவர் ஒன்பது அங்குலமாக இருந்தும் தளத்தைத் தாங்குவதில்லை. சிறிய வீடுகளில் நாலரை அங்குலச் சுவரின்மேலும் தளம் அமர்ந்திருப்பதுண்டு. சுவரைத் தட்டி ஓசையைக் கேட்டு முடிவு செய்வாரும் உளர். ஓசையால் பூச்சு கழன்றிருப்பதை அறியலாம். சுமை வருகின்றதா என்பதை அறிய இயலாது. சுவரும் தளமும் கூடும் இடத்தில் மெல்லிய கோடுபோல் விரிசல் ஓடினால், சுவர் பின்னர்க் கட்டப்பட்டது என ஊகிக்கலாம். ஆனால், ஆண்டுகள் செல்லச் செல்லத் தளம் சிறிது தொய்ந்து அச்சுவரின்மேலேயே சாய்ந்துவிடுதலும் உண்டு. தடுப்பாகப் பிறந்த சுவர் தாங்கும் சுவராக மாறிவிடுவது இவ்வாறே.

‘கொஞ்சம் இடித்துப் பார்ப்போம், ஒன்றும் ஆகாவிட்டால் மீதியையும் இடிப்போம்’ என்று எண்ணுவதே எல்லாவற்றினும் பெரிய ஆபத்து. செங்கற்சுவரில் சிறிய துளை இட்டால், துளைக்கு மேலுள்ள கற்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வளைவுபோல் நிற்கும். சுமை துளையின் இருபுறமும் விலகி இறங்கும். அதனால் தொடக்கத்தில் எவ்வித அறிகுறியும் தோன்றுவதில்லை. துளை பெரிதாகப் பெரிதாக, எஞ்சிய பகுதியின்மேல் சுமை நெருக்குகிறது. ஓர் எல்லை கடந்ததும் அது நொறுங்கிவிடுகிறது. அப்போது ஓடித் தப்புவதற்குக் காலம் இருப்பதில்லை. சுவர் பொறுத்துக்கொண்டிருப்பதை, சுவருக்குச் சுமை இல்லை என்று தவறாகப் பொருள் கொள்ளலாகாது.

ஒரு சுவர் போனதால் எவ்வளவு கேடு விளையும் என்பதை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று இங்கிலாந்தில் நடந்தது. கிழக்கு லண்டனில் ரோனன் பாயின்ட் என்னும் 22 அடுக்கு வீடு 1968ஆம் ஆண்டு குடியிருப்புக்குத் திறக்கப்பெற்றது. ஆலையில் வார்த்த பெரிய கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அதனைக் கட்டியிருந்தனர். அதற்குச் சட்டகம் இல்லை. ஒவ்வொரு தளத்தையும் கீழுள்ள சுவர்ப்பலகைகளே தாங்கின. அவ்வாண்டு மே 16ஆம் நாள் விடியற்காலையில், 18ஆம் அடுக்கின் மூலை வீடு ஒன்றில் கசிந்திருந்த சமையல் எரிவாயு வெடித்தது. அவ்வெடிப்பு மிகப் பெரியது அன்று. அவ்வீட்டில் இருந்தவர் உயிர் பிழைத்தார். ஆனால், வெடிப்பின் விசை மூலைச் சுவர்ப்பலகைகளை வெளியே தள்ளிவிட்டது. தாங்குவாரற்ற மேலடுக்குகள் சரிந்தன. அவை விழுந்த வேகத்தில் கீழடுக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாக இடிந்தன. கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் சீட்டுக்கட்டுப் போலச் சரிந்தது. நால்வர் உயிரிழந்தனர். ஓர் உறுப்புக் கெட்டால் கட்டடமே தொடர்ந்து விழாதபடி அமைத்தல் வேண்டும் என்னும் விதி, அதன்பின் இங்கிலாந்தின் கட்டட விதிகளில் இடம்பெற்றது.

தடுப்புச் சுவர் என்று உறுதியானால் அதனை விருப்பம்போல் இடிக்கலாமோ எனின், அங்கும் சிந்தனை வேண்டும். கட்டடத்திற்கு வரும் விசைகள் மேலிருந்து மட்டும் வருவன அல்ல. புயலும் நிலநடுக்கமும் பக்கத்திலிருந்து தள்ளுகின்றன. தூண்களுக்கு இடையே அடைத்து நிற்கும் சுவர்கள் அவ்வசைவை ஓரளவு தடுக்கின்றன. குஜராத்தில் 2001ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் நேர்ந்த நிலநடுக்கத்தில், வண்டிகளை நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தைச் சுவரின்றித் தூண்களால் மட்டும் அமைத்திருந்த அடுக்கு வீடுகள் பல அகமதாபாத் நகரில் இடிந்து விழுந்தன. மேலே சுவர்கள் நிறைந்த அடுக்குகள் விறைப்பாக நிற்க, கீழ்த்தளம் மட்டும் வலுக் குன்றியிருந்தது அதற்கு ஒரு முக்கிய காரணம். ஆகவே, ஓர் அடுக்கின் சுவர்கள் பலவற்றை ஒருங்கே அகற்றுவது நன்றன்று.

சுமை தாங்கும் சுவர் என்று தெரிந்தால், அதனை அகற்றவே முடியாது என்பதும் இல்லை. அது செய்யும் வேலையை மற்றொன்றிடம் ஒப்படைத்த பின்னரே அதற்கு விடை கொடுத்தல் வேண்டும். கட்டடப் பொறியாளர் முதலிற் சுமையைக் கணக்கிடுவார். சுவரின் இருபுறமும் வலுவான முட்டுகள் கொடுத்துத் தளத்தைத் தாங்கச் செய்வார். பின்னர்ச் சுவரைப் பகுதி பகுதியாக எடுத்து, அவ்விடத்தில் எஃகு உத்திரமோ கான்கிரீட் உத்திரமோ அமைப்பார். இங்குக் கருதவேண்டியது மற்றொன்று உண்டு. 4 மீட்டர் நீளத்தில் பரவி இறங்கிய சுமை, உத்திரம் வந்தபின் அதன் இரு முனைகளில் மட்டும் குவிந்து இறங்கும். ஆதலால், அம்முனைகளைத் தாங்கும் தூண்களும் அவற்றின் கடைக்காலும் அச்சுமைக்கு ஏற்ற வலிமை உடையனவாக இருத்தல் வேண்டும். புதிய அமைப்பு இறுகிச் சுமையை ஏற்ற பிறகே முட்டுகளை மெல்ல அகற்றுவர்.

மேலே சொன்ன அடையாளங்களுள் எதுவும் தனித்து நின்று முடிவு கூறாது. தளத்தின் போக்கு, மாடிச் சுவர், கடைக்கால், சுவரின் கனம், கட்டடத்தின் வகை, அதன் வரைபடம் ஆகிய யாவும் ஒன்றுபட்டுச் சொல்லும் சாட்சியமே நம்பத்தக்கது. அவை முரண்படுமாயின், சுவர் சுமை தாங்குகிறது என்று கொள்வதே அறிவுடைமை. வீட்டுக்குரியவர் இவ்வடையாளங்களை அறிந்திருப்பது, தாமே தீர்ப்புக் கூறுவதற்காக அன்று. தக்க பொறியாளரை நாடவேண்டிய நேரத்தை அறிவதற்கும், அவரிடம் தக்க வினாக்களைக் கேட்பதற்கும் ஆகும்.

அடுக்கு வீடு எனின் இப்பொறுப்பு இன்னும் பெரிது. ஒருவர் வீட்டின் நடுவே நிற்கும் சுவர், மேல்வீட்டார் உறங்கும் தரையைத் தாங்குவதாக இருக்கலாம். சுவர் அவருடைய வீட்டில் இருக்கிறது. அதன் சுமை பிறருடைய உயிர். அதனை இடிக்கும் உரிமையைப் பற்றிப் பேசுவதற்குமுன், அது யாரைத் தாங்கி நிற்கிறது என்று கேட்டறிதல் ஒவ்வொருவரின் கடமையாகும்.